சதுரங்க மேதை போல் மோர்பி: 22 வயதில் ஆட்டத்தை விட்டெழுந்தவர்

சதுரங்கம் ஆடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 64 கட்டங்கள் கொண்ட ஒரு பலகை. இருபுறமும் பதினாறு பதினாறு காய்கள். எதிரியின் ராசாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கியவர் வென்றவர். இவ்வளவு தெரிந்தால் போதும். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையையும் வைத்துப் பழைய பாரத நாட்டிலே பிறந்து, பாரசீகர், அராபியர் கைமாறி ஐரோப்பாவுக்குப் போன ஆட்டம் அது. போன இடத்தில் சில காய்களுக்குப் பெயர் மாறிப் போயிற்று. யானை நின்ற கட்டத்தில் ஆங்கிலேயர் ஓர் ஆயரை நிறுத்தினார்கள். பிரெஞ்சுக்காரரோ அதே காய்க்குக் கோமாளி என்று பெயர் வைத்தார்கள். ஆயர் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக! நாம் பேசப்போகிறவர் பிரெஞ்சு மொழி பேசிய ஒரு கத்தோலிக்க வீட்டின் பிள்ளை. அந்தக் காயைக் கோமாளி என்றே அவர் முதலில் அறிந்திருப்பார்.

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது நியூ ஓர்லியன்ஸ் நகரம். பிரெஞ்சுக்காரர் அமைத்து, ஸ்பானியர் சில காலம் ஆண்டு, 1803-இல் அமெரிக்காவுக்கு விலைப்பட்ட நகரம். கோவில்களும் இசையரங்குகளும் நிறைந்த ஊர். மனிதரை மனிதர் ஏலத்தில் விற்ற சந்தைகளும் நிறைந்த ஊர். அவ்வூரின் செல்வத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு அதன் பெரிய குடும்பங்களைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. 1837-ஆம் ஆண்டு யூன் 22-ஆம் திகதி போல் மோர்பி அங்கே பிறந்தார். தகப்பனார் அலொன்சோ மோர்பி ஸ்பானிய, ஐரிஷ் இரத்தம் கலந்தவர். சட்டத்தரணியாக இருந்து லூசியானா மாநில உயர் நீதிமன்ற நீதியரசராக உயர்ந்தவர். தாயார் லே கார்ப்பன்ரியே என்னும் பிரெஞ்சுக் குடும்பத்தில் வந்தவர், இசையில் வல்லவர். வீட்டில் ஒரு புறம் பியானோ ஒலிக்கும். மறு புறம் தகப்பனாரும் அவர் தம்பி ஏர்னெஸ்டும் சதுரங்கப் பலகைக்கு முன் இருப்பார்கள். தாய்வழிப் பாட்டனாரும் அந்த ஆட்டத்தில் பிரியமுள்ளவர்.

சிறுவன் போலுக்கு எவரும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை என்று அக்குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தே படித்துக்கொண்டானாம். ஒரு நாள் ஓர் ஆட்டம் முடிந்து பெரியவர்கள் எழும்பும்போது, சித்தப்பா வென்றிருக்க வேண்டிய ஆட்டம் இது என்று பையன் சொல்ல, அவர்கள் வியப்போடு எங்கே காட்டு என்றார்களாம். அவன் காய்களைப் பழைய நிலைக்குத் திருப்பி அடுக்கிக் காட்டினானாம். மேதைகளின் வீடுகளில் இப்படிப்பட்ட கதைகள் முளைப்பது வழக்கம். முழுவதையும் நம்பவேண்டுமென்று உங்களை வற்புறுத்தமாட்டோம். ஆனால் 1846-இல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் பலருக்குத் தெரிந்தது. மெக்சிக்கோப் போருக்குச் செல்லும் வழியில் தளபதி வின்பீல்ட் ஸ்கொட் அந்நகரில் தங்கினார். தம்மைச் சதுரங்கத்தில் பெரியவராக எண்ணியிருந்த அவர், ஆட நல்ல ஆள் வேண்டுமென்று கேட்டார். கொண்டுவந்து நிறுத்தப்பட்டவன் ஒன்பது வயதுப் பையன். தம்மைக் கேலி செய்கிறார்கள் என்று தளபதி முகம் சிவந்தார். இரண்டு ஆட்டம் ஆடினார், இரண்டிலும் தோற்றார். அவர் அந்தப் போரை வென்று திரும்பினார் என்பதையும் சொல்லி வைப்பது மரியாதை.

நான்கு வருடங்களின் பின், ஹங்கேரியிலிருந்து வந்த லோவென்தால் என்ற தேர்ந்த ஆட்டக்காரர் அவ்வூருக்கு வந்தார். அவராலும் அந்தச் சிறுவனிடம் ஓர் ஆட்டத்தையேனும் வெல்ல முடியவில்லை.

இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் பெற்றோர் என்ன செய்வார்கள்? ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுபவர்களும் உண்டு. நீதியரசர் மோர்பி அப்படிச் செய்யவில்லை. 1850-ஆம் ஆண்டு முடியும் வேளையில் மகனை அலபாமா மாநிலத்து மொபைல் நகரிலுள்ள ஸ்பிறிங் ஹில் கல்லூரிக்கு அனுப்பினார். மொபைல் ஆயர் மைக்கேல் போர்ட்டியே 1830-இல் நிறுவிய கல்லூரி அது. 1847 முதல் பிரான்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குருக்கள் அதை நடத்தினார்கள். இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் மெய்யியலும் படித்து, கல்லூரி நாடகங்களில் நடித்து, 1854-இல் அவர் பட்டம் பெற்றார். மேலும் ஒரு வருடம் இருந்து 1855-இல் முதுமாணியுமானார். அந்த ஆண்டுகளில் அவர் சதுரங்கம் ஆடியது மிகக் குறைவு. சார்ள்ஸ் மோரியன் என்ற சக மாணவருக்குக் கல்லூரியிலேயே ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். அந்த மோரியன் கடைசிவரை நண்பராக இருந்தார். பின்னர் அவர் பெயர் மீண்டும் வரும்.

அடுத்தது சட்டப் படிப்பு. 1857 ஏப்ரல் மாதம் லூசியானாப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். அம்மாநிலத்துக் குடியியற் சட்டக் கோவை முழுவதும் அவருக்கு மனப்பாடம் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். ஆனால் வயது 19. வழக்காட 21 நிரம்ப வேண்டும். தகப்பனாரும் 1856 நவம்பரில் காலமாகிவிட்டார். கையில் பட்டம், முன்னால் சும்மா இருக்க வேண்டிய காலம், தலையிலே உலகத்தில் எவருக்கும் இல்லாத ஒரு திறமை. வாசகரே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மோர்பியின் பெரும் புகழ் முழுவதும், ஒரு சட்டத்தரணி தமது தொழில் தொடங்கக் காத்திருந்த இடைவேளையில் வந்தது. அவர் அதை அப்படித்தான் எண்ணினார்.

1857 ஒக்டோபரில் நியூயோர்க்கில் அமெரிக்காவின் முதலாவது சதுரங்க மாநாடு கூடியது. மோர்பி ஒவ்வொருவராக வென்று, இறுதியில் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியிருந்த லூயிஸ் போல்சனைச் சந்தித்தார். அக்காலத்தில் ஆட்டத்துக்கு மணிக்கூடு வைப்பதில்லை. போல்சன் ஒரு காயை நகர்த்த எடுக்கும் நேரத்தில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம். மோர்பி பொறுமையாக இருந்து பார்த்தார். ஆறாவது ஆட்டத்தின் 17-ஆவது நகர்த்தலில், எல்லாக் காய்களிலும் வலிய ராணியையே ஓர் ஆயருக்குப் பதிலாக விட்டுக்கொடுத்தார். சூழ நின்றவர்களுக்கு அது கைப்பிசகு போலத் தோன்றியிருக்கும். சில நகர்த்தல்களில் போல்சனின் ராசா வெட்டவெளியில் நின்றது. இறுதிப் போட்டியில் மோர்பி ஐந்து வென்று, ஒன்று தோற்று, இரண்டைச் சமநிலையாக்கினார். பரிசாகக் கிடைக்கவேண்டிய 300 டொலரைப் பணமாகத் தொடாமல், வெள்ளிப் பாத்திரங்களாகப் பெற்றுக்கொண்டார். பணத்துக்கு ஆடுபவன் என்ற பெயர் ஒரு நீதியரசரின் மகனுக்கு ஆகாது என்பது அவர் எண்ணம். தெற்கத்திய கனவான்களுக்கு அது சிறிய விஷயமல்ல.

பிறகு ஐரோப்பா. அங்கே இங்கிலாந்தின் ஹோவார்ட் ஸ்ரோன்டன் பெரும்பெயர் பெற்றவர். நியூ ஓர்லியன்ஸ் சங்கத்தார் 5,000 டொலர் பந்தயத்துடன் அவரைத் தங்கள் ஊருக்கு அழைத்தார்கள். அவரோ அவ்வளவு தூரம் வருவதற்கில்லை என்றார். எனவே இளைஞரே கப்பலேறினார். 1858 யூன் மாதம் இங்கிலாந்தில் இறங்கிய ஓரிரு நாளில் அவருக்கு 21 வயது நிரம்பியது. சட்டத் தொழிலின் கதவு ஊரில் திறந்துவிட்டது. ஆளோ கடலுக்கு அப்பால்.

ஸ்ரோன்டன் ஆடுவதாகச் சொன்னார், நாள் கேட்டார், மேலும் நாள் கேட்டார். அவர் அப்போது ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பதிப்பிக்கும் பெருவேலையில் இருந்தார் என்பது மெய்தான். ஆனால் முடியாது என்பதை முதல் நாளிலேயே சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையோடு போயிருக்கும். பல மாதம் இழுத்து, ஒக்டோபரில் கைவிரித்தார். அவர்கள் இருவரும் தனித்து ஒரு போட்டியிலும் மோதவில்லை. இதற்குள் மோர்பி பழைய லோவென்தாலை இலண்டனில் ஒன்பதுக்கு மூன்று என வென்றார். பந்தயம் 100 பவுண். அந்தப் பணத்துக்கு மேலான பெறுமதியுள்ள தளபாடங்களை வாங்கி, தோற்றவரின் புதிய வீட்டுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்.

பாரிஸில் கபே டி லா றெஜான்ஸ் என்ற காப்பிக் கடை சதுரங்கக்காரரின் தலைமையிடம். அங்கே ஹார்விட்ஸ் என்பவரிடம் முதல் இரு ஆட்டங்களையும் தோற்றார். அதன்பின் ஐந்தை வென்றார், ஒன்று சமநிலை. ஹார்விட்ஸ் உடல்நலமில்லை என்று சொல்லி விலகிக்கொண்டார். செப்டெம்பர் 27-ஆம் திகதி அந்தக் கடையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எட்டுத் தேர்ந்த ஆட்டக்காரர் எட்டுப் பலகைகளுக்கு முன் அமர்ந்தார்கள். மோர்பி அவர்களுக்கு முதுகு காட்டி ஒரு நாற்காலியில் இருந்தார். அவர்கள் நகர்த்துவதை ஒருவர் உரத்துச் சொல்வார். இவர் பலகையைப் பாராமலே பதில் நகர்த்தலைச் சொல்வார். எட்டுப் பலகை, 256 காய்கள், எல்லாம் மனக்கண்ணில். பத்து மணி நேரம் சென்றது. அவர் உண்ணவுமில்லை, நீர் அருந்தவுமில்லை. ஆறு வெற்றி, இரண்டு சமநிலை, தோல்வி இல்லை. தெருவில் திரண்ட கூட்டத்தை விலக்கி அவரைக் கொண்டுபோவதே பெரும்பாடாயிற்று. மறுநாட் காலை ஏழு மணிக்கே அவர் தம்முடன் வந்த எட்ஜ் என்ற பத்திரிகையாளரை எழுப்பி, எட்டு ஆட்டங்களின் ஒவ்வொரு நகர்த்தலையும் சொல்லி எழுதுவித்தார் என்று எட்ஜே பதிந்திருக்கிறார்.

அவர் ஆட்டத்தின் இரகசியம் என்ன? அக்காலத்துப் பலர் இரண்டு மூன்று காய்களோடு பாய்ந்து தாக்குவார்கள். மற்றவை வீட்டில் தூங்கும். மோர்பி முதலில் எல்லாக் காய்களையும் விரைவாக வெளியே கொண்டுவந்து, நடுக்கட்டங்களுக்கு வழி திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டே அடிப்பார். அடி விழும்போது முழுப் படையும் சேர்ந்து விழும். பாரிஸின் இத்தாலிய இசையரங்கில், பிறன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் ஓரணியாகச் சேர்ந்து அவரோடு ஆடிய ஓர் ஆட்டம் இன்றும் உலகெங்கும் புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டப்படுகிறது. கோமகனின் தனி இருக்கையில், பாட்டு நடக்கும்போதே நடந்த ஆட்டம். இசைப் பிரியரான மோர்பி மேடையைப் பார்க்க ஆசைப்பட்டார். ஆனால் விருந்தினருக்கு மறுப்புச் சொல்ல இயலவில்லை. 17 நகர்த்தலில் முடித்துவிட்டார். குதிரையைக் கொடுத்து, தேரைக் கொடுத்து, கடைசியில் ராணியையும் கொடுத்து, எஞ்சிய ஒரு தேரையும் ஓர் ஆயரையும் கொண்டு ராசாவை மடக்கினார்.

டிசெம்பரில் அடொல்ப் அன்டர்சன் வந்தார். பிறெஸ்லோ நகரில் கணித ஆசிரியர். 1851-இல் இலண்டனில் நடந்த முதலாவது சர்வதேசப் போட்டியை வென்றவர். நத்தார் விடுமுறையில்தான் அவரால் வர முடிந்தது. ஹார்விட்ஸோடு ஆடிய பந்தயப் பணத்தைத் தமக்கென எடுக்காத மோர்பி, அதை அன்டர்சனின் பயணச் செலவுக்கு ஆக்கினார். மோர்பி அப்போது நோயாளி. அட்டை விட்டு இரத்தம் எடுக்கும் அக்கால வைத்தியம் அவரை எழுந்து நிற்கவும் முடியாதவராக்கியிருந்தது. தங்கியிருந்த ஹோட்டல் அறையிலேயே போட்டி நடந்தது. ஏழு வெற்றி, இரண்டு தோல்வி, இரண்டு சமநிலை. தோற்ற அன்டர்சன் சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. தம்மைவிட வலியவர் இவர் என்று ஒப்புக்கொண்டு வகுப்பறைக்குத் திரும்பினார். இந்தக் கதையில் நம் மனதை மிகவும் கவரும் துணைப்பாத்திரம் அவரே.

1859 மே மாதம் நியூயோர்க் அவரை வரவேற்றது. பொன்னும் வெள்ளியுமான காய்கள், மணி எண்களுக்குப் பதிலாகச் சதுரங்கக் காய்கள் பதித்த பொற்கடிகாரம், சொற்பொழிவுகள். பொஸ்டனில் நடந்த விருந்துக்கு ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் தலைமை தாங்கினார். எல்லாரும் ஒரு வெற்றி வீரனைக் கொண்டாடிய வேளையில் அந்த வீரர் பேசியது அவர்களுக்கு விளங்கியதோ என்னவோ. சதுரங்கம் ஓய்வுக்குரியது, வாழ்வின் முக்கிய கருமங்களுக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது என்ற கருத்தையே அவர் எடுத்துச் சொன்னார். வரவேற்றவர்களில் ஒருவர் சதுரங்கத்தை அவருடைய தொழில் என்று குறிப்பிட்டதற்கு முகம் சுளித்தார் என்றும் சொல்வார்கள். ஒரு காலாளையும் முதல் நகர்த்தலையும் முன்கூட்டியே விட்டுக்கொடுத்து உலகில் எவரோடும் ஆடத் தயார் என்று அறிவித்தார். எவரும் வரவில்லை. நியூயோர்க் பத்திரிகையொன்றில் ஏறக்குறைய ஒரு வருடம் சதுரங்கப் பகுதி எழுதினார். அத்துடன் சரி. முதல் மாநாட்டிலிருந்து இதுவரை இருபது மாதங்களே ஆகியிருந்தன. பகிரங்கப் போட்டிகளில் அவர் பின்னொருபோதும் இறங்கவில்லை.

ஊருக்கு வந்து சட்டத் தொழிலைத் தொடங்க நினைத்தார். 1861-இல் உள்நாட்டுப் போர் வந்தது. அடிமை முறையைக் காக்கவெனப் பிரிந்த தென்மாநிலங்களில் லூசியானாவும் ஒன்று. மோர்பி மாநிலம் பிரிவதை மனதார விரும்பவில்லை என்பார்கள். ஆனாலும் தம் மக்களை விட்டு மறுபக்கம் போகவும் அவரால் முடியவில்லை. 1862-இல் நகரம் வடக்கத்தியர் கையில் விழுந்தது. அவ்வருட ஒக்டோபரில் அவர் ஒரு ஸ்பானியப் போர்க்கப்பலில் கியூபாவுக்குச் சென்று, அங்கிருந்து பாரிஸுக்குப் போனார். நான்கு வருடங்களுக்கு முன் தெருவை அடைத்த கூட்டம் திரண்ட அதே நகரம். இம்முறை சில நண்பர்களோடு தனி அறையில் ஆடியதோடு நிறுத்திக்கொண்டார். 1864-இல் ஊர் திரும்பினார்.

சட்ட அலுவலகம் திறந்தார். ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. சதுரங்கத்தைப் பற்றியே பேசினார்கள். இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். அவருடைய நாற்காலியில் இருந்து யோசித்தால் வராது. எந்தக் கையால் உலகை வென்றாரோ அந்தக் கையை ஒளித்துவைத்தால்தான் மனிதர் தம்மை மனிதராக மதிப்பார்கள் என்று அவர் எண்ணினார். அவர்களோ அந்தக் கையைப் பார்க்கவே வந்தார்கள். அலுவலகம் நிலைக்கவில்லை. வெறும் சதுரங்கக்காரரை மணக்கமாட்டேன் என்று ஒரு பெண் மறுத்தாள் என்ற கதையும் உண்டு. அதற்கு உறுதியான ஆதாரமில்லாததால் அதை விடுவோம். நண்பர் மோரியனோடு மட்டும், ஒரு குதிரையை விட்டுக்கொடுத்து, 1869 வரை ஆடினார். அதன்பின் அதுவுமில்லை.

1870-களின் நடுப்பகுதியில் மனம் கலங்கத் தொடங்கியது. தகப்பன் விட்டுச்சென்ற சொத்தில் மைத்துனர் மோசடி செய்துவிட்டார் என்று நம்பினார், வழக்கும் போட்டார், தோற்றார். எவரோ நஞ்சு வைக்கப் பார்க்கிறார்கள் என்று அஞ்சித் தாயும் சகோதரியும் கொடுப்பதை மட்டும் உண்டார். கத்தோலிக்க கன்னியர் நடத்திய மனநோய் இல்லமொன்றுக்கு அவரை ஒருமுறை வீட்டார் கூட்டிச் சென்றார்கள். வாசலிலேயே அவர், தம்மைத் தம் விருப்பமின்றி அடைத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதைப் படிப்படியாக, ஒரு பிழையுமின்றி எடுத்து வாதாடினார். கன்னியர்களுக்கு அவரை ஏற்க மனம் வரவில்லை. எல்லாரும் வீடு திரும்பினார்கள். அவர் வாழ்நாளில் மிக நன்றாக வாதாடிய வழக்கு அதுவாகத்தான் இருக்கும்.

சதுரங்கமே அவரைப் பித்தனாக்கியது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்வார்கள். பிள்ளை பலகையோடு இருந்தால் பயந்து இந்தப் பெயரைச் சொல்லி அதட்டும் பெற்றோரும் இருக்கலாம். வருடங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். போட்டிகளை அவர் விட்டது 1859-இல். நோய் வெளிப்பட்டது ஏறக்குறைய பதினைந்து வருடங்களின் பின், பலகையை அறவே தொடாதிருந்த காலத்தில். மனநோய் ஒரு நோய். குலமோ, கல்வியோ, பக்தியோ பார்த்து அது வருவதில்லை. அந்த நோயாளியைத் தெருவில் விடாமல், கடைசிவரை தம் மேசையில் வைத்து உணவூட்டிய தாயையும் சகோதரியையும் வரலாற்றாசிரியர்கள் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள்.

அந்த ஆண்டுகளில் அவரைக் காண விரும்பியவர்கள் கனால் வீதியில் காத்திருந்தால் போதும். பழுதில்லாத உடை, கையில் சிறு பிரம்பு, குறித்த நேரத்தில் நடை. காலையில் தவறாமல் பூசை காண்பார் என்று நண்பர்கள் சொன்னார்கள். லூசியானாவின் புகழ்பெற்றோர் பற்றிய நூலொன்றில் அவரைச் சதுரங்க வீரராகச் சேர்க்க முனைந்தபோது, சினந்து மறுப்பு எழுதினார். தாம் ஒரு தொழிலும் செய்பவரல்லர், நீதியரசர் அலொன்சோ மோர்பியின் மகன் என்பதே அதன் சாரம். தகப்பன் விட்டுச்சென்ற ஒரு லட்சத்து 46 ஆயிரத்துச் சொச்ச டொலரைச் சதம் பிசகாமல் அதில் குறித்திருந்தார். 1883-இல் வில்ஹெல்ம் ஸ்ரைனிட்ஸ் நியூ ஓர்லியன்ஸுக்கு வந்தார். அப்போதைய ஆட்டக்காரரில் முதல்வர் அவரே. மோர்பியின் ஆட்டங்களை எழுத்தெழுத்தாகப் படித்தவர். சதுரங்கம் பேசப்படாது என்ற நிபந்தனையோடு இருவரும் தெருவில் சில நிமிடம் நின்று பேசினார்கள்.

1884 யூலை 10-ஆம் திகதி, கடும் வெயிலில் நடந்துவிட்டு நண்பகல் வீடு வந்து குளிக்கச் சென்றார். நெடுநேரமாகியும் வெளிவரவில்லை. தாயார் கதவைத் திறப்பித்துப் பார்த்தபோது தொட்டியில் உயிரற்று இருந்தார். மூளையில் இரத்தம் தேங்கியதென்று வைத்தியர்கள் கூறினார்கள். வயது 47. குடும்பத்தாரோடு புனித லூயிஸ் முதலாம் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் வளர்ந்த, இறந்த றோயல் வீதி வீடு பிற்காலத்தில் பெயர்பெற்ற ஓர் உணவகமாயிற்று.

உலகச் சதுரங்க வீரர் என்ற பட்டத்துக்கான முதலாவது போட்டி இரண்டு வருடங்களின் பின், 1886-இல் நடந்தது. நியூயோர்க்கில் தொடங்கி, செயின்ற் லூயிஸ் நகரில் தொடர்ந்து, கடைசிப் பகுதிக்கு ஸ்ரைனிட்ஸும் சூக்கர்ட்டோர்ட்டும் நியூ ஓர்லியன்ஸுக்கு வந்தார்கள். மார்ச் 29-ஆம் திகதி ஸ்ரைனிட்ஸ் அந்தப் பட்டத்தை அங்கே வென்றார்.